நாட்டிய விசிறிக்கு வீட்டிலேயே செய்த காகித மடிப்பு அச்சு

பரதநாட்டிய உடையில் இரு கால்களுக்கும் நடுவே தொங்கும் மடிப்புப் பகுதியை விசிறி என்பார்கள். ஆடுபவர் நேராக நிற்கும்போது அது ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாக ஒடுங்கி நிற்க வேண்டும்; அவர் அரைமண்டியில் (முழங்கால்களை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில்) அமர்ந்ததும் கீழ்ப்பக்கம் விரிந்து மடிப்புகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்; அவர் எழுந்ததும் யாரும் தொடாமலேயே மூடிக்கொள்ள வேண்டும். என் அண்ணன் மகளின் உடை ஒரு முறை சலவைக்குப் போய் வந்தபோது, அதன் விசிறியை முழுவதுமாக விரித்துத் தட்டையாகத் தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். மடிப்பு இருந்த இடங்களில் மங்கலான கோடுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. நிகழ்ச்சிக்கு மூன்று வாரங்கள் இருந்தன. நான் வீட்டில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பழகியவள் என்பதால், "அத்தை, நீங்களே சரி செய்து தாருங்கள்" என்று அவள் உடையை என்னிடம் கொண்டுவந்தாள்.

இடுப்புத் தையலைப் பிரித்து விசிறித் துணியைத் தனியே எடுத்து மேசையில் விரித்து அளந்தேன். காஞ்சிபுரம் பட்டு, நீளம் 140 செ.மீ., உயரம் 60 செ.மீ., கீழே 11 செ.மீ. ஜரிகைக் கரை. பழைய கோடுகளை அளந்தபோதுதான், சலவைக்கு முன்பும் அந்த விசிறி ஏன் சற்றுக் கோணலாகத் தொங்கியது என்பது விளங்கியது. மடிப்பு முகங்களில், அதாவது அடுத்தடுத்த இரண்டு மடிப்புக் கோடுகளுக்கு இடைப்பட்ட பட்டைகளில், மிகக் குறுகியது 26 மி.மீ., மிக அகலமானது 34 மி.மீ. இடுப்புப் பக்கம் 30 மி.மீ. இருந்த முகம் கரைப் பக்கம் 28 மி.மீ. ஆகியிருந்தது. இப்படிச் சாய்ந்த மடிப்புகள் மூடும்போது கரையின் அடி ஓரம் நேர்கோடாக நிற்காமல் படிப்படியாக ஏறி இறங்கும். ஆகவே பழைய கோடுகளின் மேலேயே மறுபடி தேய்த்துத் தருவதில் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

முதலில் வழக்கமான முறையிலேயே முயன்றேன். 3 செ.மீ. அகலத்தில் ஒரு அட்டைத் துண்டு வெட்டி, அதைத் துணியின் மேல் வைத்து மடித்துத் தேய்த்து, அந்த மடிப்பின் ஓரத்திலிருந்து அடுத்ததை அளந்து மடித்துத் தேய்த்துக்கொண்டே போனேன். பத்து மடிப்பு வரை கண்ணுக்கு நன்றாகவே இருந்தது. இருபதைத் தாண்டியபோது இடுப்புப் பக்கத்துக்கும் கரைப் பக்கத்துக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபாடு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இரு முனைகளிலும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. விட்டால் மிஞ்சும் 138 செ.மீ. துணியில் 3 செ.மீ. வீதம் 46 முகங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. மட்டும், அதுவும் ஒரே பக்கமாக, தவறினால் கடைசியில் 23 மி.மீ. பிசகு சேர்ந்துவிடும். முந்தைய மடிப்பிலிருந்து அடுத்ததை அளக்கும் எந்த முறையிலும் முந்தைய பிழை அப்படியே அடுத்ததற்குக் கடத்தப்படுகிறது. என் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

எங்கள் தெருவில் நெடுங்காலமாகத் தையல் இயந்திரம் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். அவர் துணியை இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "மடிக்கும்போதே சூடு காட்டாதேம்மா. அளவு ஒரு வேலை, மடிப்பு ஒரு வேலை, சூடு ஒரு வேலை. மூன்றையும் ஒன்றாகச் செய்தால் ஒன்றின் தப்பு மற்றதில் போய் ஒட்டிக்கொள்ளும்" என்றார். நான் பின்னால் செய்த கருவி முழுவதும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். அளவைக் காகிதத்தில் ஒரே முறை, அவசரமில்லாமல், துணியே இல்லாதபோது குறித்துவிடலாம். மடிப்பைக் காகிதமே துணிக்குச் சொல்லிக்கொடுக்கும். சூட்டை எல்லா மடிப்புகளும் கட்டி முடிந்த பிறகு ஒரே சமயத்தில் காட்டலாம்.

துணி மடிப்புக்குக் காகித அச்சு என்பது புதிய யோசனை அன்று. பாரிசில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கும் லொன்யோன் பட்டறையில் இன்றும் தடித்த பழுப்புக் காகிதத்தால் செய்த இரட்டை அச்சுகளுக்கு நடுவே துணியை வைத்து, இருவர் எதிரெதிரே நின்று அதை ஒடுக்கி, நீராவியில் வைத்து எடுக்கிறார்கள். ஜப்பானில் உடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே, பெரிய அளவில் வெட்டித் தைத்த பாலியஸ்டர் உடையையே காகிதங்களுக்கு நடுவே வைத்து இயந்திரத்தில் மடித்துச் சூடேற்றும் முறையை உருவாக்கினார். பாவாடைக்குப் பயன்படும் இன்னொரு வகைக் கருவியும் உண்டு. பலகையில் ஓலைக் கூரை போல ஒன்றன் மேல் ஒன்று ஏறிய அட்டைப் பட்டைகளை ஒட்டி, இடுக்குகளில் துணியைச் செருகித் தேய்ப்பது. பள்ளிச் சீருடைப் பாவாடையின் ஒருபக்க மடிப்புக்கு அது மிகவும் ஏற்றது. ஆனால் அது தட்டையாகப் படுத்திருக்கும் மடிப்பைத்தான் தரும். விசிறிக்கு வேண்டியது கொல்லன் துருத்தியைப் போல மேடும் பள்ளமும் மாறி மாறி, இரண்டும் ஒரே அளவு கூர்மையாக நிற்கும் மடிப்பு. அதனால் காகித அச்சையே தேர்ந்தேன்.

அளவை முடிவு செய்ய, அண்ணன் மகளை அரைமண்டியில் உட்காரச் சொல்லி, விசிறியின் அடி ஓரம் வரும் உயரத்தில் கால்களுக்கு இடையே அளந்தேன். 70 செ.மீ. வந்தது. தையல் போக முழு நீளமும் 138 செ.மீ. என்பதால், முழுமையாக விரிந்த நிலையிலும் விசிறி தன் நீளத்தில் பாதி அளவுக்கே திறக்கிறது. 3 செ.மீ. முகங்கள் இரண்டு சேர்ந்த ஒரு மடிப்பு 3 செ.மீ. அகலத்தை அடைக்கும், அதாவது ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் அமையும். இந்த விகிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துணி இதைவிடக் குறைவாக இருந்தால் அரைமண்டியில் மடிப்புகள் இழுபட்டுத் தட்டையாகிவிடும். மிக அதிகமாக இருந்தால் மடிப்புகள் விரியாமல் கட்டையாக நிற்கும். ஆகவே 3 செ.மீ. முகம், 46 முகங்கள், 23 மடிப்புகள் என்றே வைத்துக்கொண்டேன். காகிதத்தில் மட்டும் பிடிப்பதற்காக இரு முனைகளிலும் இரண்டிரண்டு முகங்கள் கூட்டி 50 முகங்கள், 150 செ.மீ.; உயரத்தில் மேலும் கீழும் 3 செ.மீ. கூட்டி 66 செ.மீ.

முதல் அச்சைக் கடையில் எளிதாகக் கிடைக்கும் வண்ணச் சார்ட் தாளில் செய்தேன். அது இரண்டு வகையில் என்னைக் கைவிட்டது. சார்ட் தாள் 150 செ.மீ. நீளத்துக்குக் கிடைக்காது, மூன்று தாள்களை ஒட்ட வேண்டியிருந்தது, ஒட்டிய இடம் தடித்து அங்கே மடிப்பு வளைந்தது. அதைவிடப் பெரிய தவறு, ஆவியில் வைத்தபோது தாளின் நீலச் சாயம் கசிந்து சோதனைத் துணியில் ஏறியது. பட்டுத் துணியை வைக்கும் முன் வெறும் லைனிங் துணியில் பார்த்ததால் நட்டம் சிறியதாகப் போயிற்று. சாயமேற்றிய எந்தத் தாளையும், அச்சடித்த எழுத்துள்ள எந்தத் தாளையும் இந்த வேலைக்கு நெருங்க விடக்கூடாது. இரண்டாவது முறை, சரக்குக் கட்டுவதற்குச் சுருளாக விற்கும் தடித்த பழுப்புக் காகிதத்தை வாங்கினேன். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் மெல்லிய பழுப்புத் தாள் ஆவியில் தொய்ந்துவிடும். மடித்தால் விறைப்பாக நிற்கும் அளவுக்காவது தடிமன் இருக்க வேண்டும், ஆனால் மடித்த கோட்டில் வெடிக்கும் அளவுக்குத் தடிமன் இருக்கக் கூடாது. கடையிலேயே ஒரு ஓரத்தைக் கிழித்து வாங்கி, நாலைந்து முறை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்த்தே தேர்ந்தேன். சுருளில் வந்ததால் வளைந்து கிடந்த தாளை, பாய்க்கு அடியில் இரண்டு நாள் விரித்து வைத்து நேராக்கிக்கொண்டேன்.

கோடு குறிப்பதுதான் இந்த வேலையின் உயிர். அதற்கு ஒரு முழு மாலைப் பொழுதை ஒதுக்கினேன். முதலில் தாளின் நீண்ட ஓரம் உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று ஒரு மீட்டர் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்து, இல்லாத இடத்தைச் சீவிச் சரிசெய்தேன். பிறகு அந்த ஓரத்துக்குச் செங்குத்தாக முதல் கோட்டை வரைய வேண்டும். தையல் மூலைமட்டம் என்னிடம் சிறியதாக இருந்ததால், கொத்தனார்கள் அடித்தளத்துக்கு மூலைமட்டம் பார்க்கும் முறையையே பின்பற்றினேன்: ஓரத்தில் 40 செ.மீ. அளந்து ஒரு புள்ளி, செங்குத்தாக 30 செ.மீ. அளந்து ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே குறுக்கு அளவு சரியாக 50 செ.மீ. வரும் வரை இரண்டாவது புள்ளியை நகர்த்தினேன். அந்த முதல் கோடு சரியாக அமைந்த பிறகு, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 3, 6, 9, 12 என்று எல்லாப் புள்ளிகளையும் அளவுகோலை நகர்த்தாமல் அந்த முதல் கோட்டிலிருந்தே குறித்தேன். 90 செ.மீ. புள்ளியில் மட்டும் அளவுகோலை ஒரு முறை நகர்த்தினேன். நகர்த்திய பின், எதிர் முனையிலிருந்தும் அளந்து அந்தப் புள்ளி சரியா என்று பார்த்துக்கொண்டேன். இப்படிக் குறித்தால் ஏதாவது ஒரு புள்ளி அரை மி.மீ. பிசகினாலும் அது அந்த ஒரு மடிப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த மடிப்பு மறுபடி முதல் கோட்டையே நம்பி நிற்கிறது.

அச்சு இரண்டு தாள்களால் ஆனது. இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தால்தான் ஒன்றினுள் ஒன்று பொருந்தும். தனித்தனியாகக் குறித்தால் இரு வேறு பிழைகள் வரும். அதனால் இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நான்கு மூலைகளிலும் கிளிப் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசியால் இரண்டையும் சேர்த்துக் குத்தினேன். இந்த ஊசித் துளைகள் இன்னொரு வகையிலும் உதவின. துருத்தி மடிப்பில் ஒன்று விட்டு ஒரு கோடு எதிர்ப்பக்கமாக மடிய வேண்டும். தாளின் முன்பக்கம் ஒற்றைப்படைக் கோடுகளையும், தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் இரட்டைப்படைக் கோடுகளையும் அழுத்திக் கீற வேண்டும். துளைகள் இரு பக்கமும் தெரிவதால் பின்பக்கம் மறுபடி அளக்க வேண்டிய தேவையே இல்லை. கீறுவதற்கு மை தீர்ந்துபோன பந்துமுனைப் பேனா போதும். அதன் உருண்டை முனை தாளை அறுக்காமல் ஒரு சிறு வாய்க்காலை மட்டும் உண்டாக்குகிறது. ஒரே கோட்டில் பலமுறை ஓட்டாமல் சீரான அழுத்தத்தில் இரண்டு முறை ஓட்டினேன். கத்தியின் மொட்டை முனையைப் பயன்படுத்திப் பார்த்த இடத்தில் ஆவிக்குப் பிறகு தாள் கிழிந்துவிட்டது.

கீறிய தாளை மடிப்பது எளிது. ஒரு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கோடும் தன் வாய்க்காலிலேயே மடியும்படி விரலால் ஒடித்து, பிறகு எஃகுக் கரண்டியின் பின்புறத்தால் நீவிவிட்டேன். முழுவதும் மடித்து ஒடுக்கிய கட்டை மேசையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, மடிப்பு ஓரங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால், தவறிய கோடு எதுவென்று உடனே தெரிந்துவிடும். என் தாளில் 17-வது கோடு ஏறக்குறைய ஒரு மி.மீ. துருத்திக்கொண்டு நின்றது. ஒரு முறை கீறிய கோட்டைத் திருத்த முடியாது. அந்த இடத்தில் குறுகலான பழுப்புக் காகித நாடாவைப் பசையால் ஒட்டிக் காயவைத்து, புதிதாகக் கீறினேன். பிறகு இரு தாள்களையும் ஒன்றினுள் ஒன்றாக வைத்து ஒடுக்கி, மேலே அரவைக் கல்லின் குழவியைப் பாரமாக வைத்து ஓர் இரவு விட்டேன். மடிப்புக்கு ஒரு நினைவு இருக்கிறது. துணியை அறிமுகப்படுத்தும் முன் காகிதம் தன் பாடத்தைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

ஆவிப் பெட்டிதான் அடுத்த சிக்கல். வீட்டில் உள்ள பெரிய இட்லிக் கொப்பரை 30 செ.மீ. வாயுள்ளது, 66 செ.மீ. நீளமுள்ள கட்டு அதனுள் போகாது. பழைய 15 கிலோ எண்ணெய்த் தகர டின்கள் இரண்டை வாங்கினேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 செ.மீ. உயரம், மேலும் கீழும் வெட்டித் திறந்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் 70 செ.மீ. உயரமுள்ள சதுரப் புகைபோக்கி கிடைக்கிறது. வெட்டிய தகர ஓரங்களைக் குறடால் உள்பக்கம் மடக்கித் தட்டிவிட்டேன், இல்லையென்றால் கையையும் பட்டையும் ஒருசேரக் கிழிக்கும். டின்களைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் மூன்று முறை கழுவியும் எண்ணெய்ப் பசை முழுவதும் போகவில்லை என்ற ஐயம் இருந்ததால், உட்புறம் முழுவதும் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி விரித்தேன். டின்னின் மூலைக்கு மூலை குறுக்கு அளவு 33 செ.மீ.; கொப்பரையின் வாய் 30 செ.மீ. என்பதால் நான்கு மூலைகளும் விளிம்பில் உட்கார்ந்துகொள்கின்றன. பக்கங்களில் உள்ள இடைவெளிகளை நன்றாக நனைத்துப் பிழிந்த துணியால் அடைத்தேன். தீ கொப்பரையின் அடியைத் தாண்டி மேலே ஏறாதபடி சிறியதாக வைத்திருக்க வேண்டும். அடுப்பை விட்டு நகரவும் கூடாது. இந்தப் பிளாஸ்டிக் காலத்தில் குழாய் என்றதும் பி.வி.சி. நினைவுக்கு வரும், அது 80 டிகிரி செல்சியஸிலேயே நெகிழத் தொடங்கிவிடும் என்பதால் ஆவிக்கு உதவாது.

பட்டுத் துணியை வைக்கும் முன், ஒரு சாண் அளவுள்ள மூன்று துண்டுகளில் சோதனை செய்தேன்: பாலியஸ்டர் லைனிங், பாலியஸ்டர் இழையால் ஆன செயற்கைப் பட்டு, உடையின் உள்தையலிலிருந்து எடுத்த அசல் பட்டு. செயற்கைப் பட்டு எது, அசல் எது என்பதில் ஐயம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பார்க்கலாம். அசல் பட்டு முடி பொசுங்கும் வாடை வீசிச் சாம்பலாக நொறுங்கும், பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். மூன்றையும் நாற்பது நிமிடம் ஆவியில் வைத்து ஆறவிட்டுப் பிரித்தபோது மூன்றிலும் மடிப்பு கூர்மையாகவே இருந்தது. பிறகு தண்ணீரில் நனைத்து உலர்த்தினேன். பாலியஸ்டரிலும் செயற்கைப் பட்டிலும் மடிப்பு அப்படியே நின்றது. அசல் பட்டில் ஏறக்குறைய காணாமல் போயிற்று.

இதற்குக் காரணம் இழையின் இயல்பிலேயே இருக்கிறது. பாலியஸ்டர் 70 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே நெகிழ்ந்து, குளிரும்போது இருந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. மறுபடி அதே அளவு சூடு படும் வரை அந்த வடிவத்தை விடுவதில்லை. பட்டு ஒரு புரதம். அதன் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரமும் சூடும் சேர்ந்தால் அவிழ்கின்றன, உலரும்போது புதிய இடத்தில் மறுபடி சேர்கின்றன. எந்த ஈரம் மடிப்பைத் தந்ததோ அதே ஈரம் மறுநாள் வந்து மடிப்பை எடுத்துக்கொண்டும் போகும். வெனிஸில் பட்டறை வைத்திருந்த உடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ச்சுனி 1909-இல் காப்புரிமை பெற்ற நுண்மடிப்புப் பட்டு உடைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றை வாங்கியவர்களும் முறுக்கிச் சுருட்டி ஒரு சிறு பெட்டியில் வைத்துத்தான் பாதுகாத்தார்கள், நனைந்துவிட்டால் மறுபடி மடிப்பதற்காக அவருடைய பட்டறைக்கே அனுப்பினார்கள். எகிப்தின் தர்கான் என்ற இடத்தில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட லினன் (ஆளிநார்) மேலாடையின் கைப்பகுதியில் மெல்லிய மடிப்புகள் இன்றும் தெரிகின்றன. அது கிடந்தது வறண்ட கல்லறை. ஆடும் பெண்ணின் உடையோ வியர்வையில் நனையும். எனவே ஆவி தரும் மடிப்பை வடிவத்துக்கும், நூல் தரும் பிடிப்பை நிலைப்புக்கும் நம்ப வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன். நீரில் வினிகர் கலந்து தெளித்தால் மடிப்பு நிற்கும் என்று சிலர் சொல்கிறார்கள். ஜரிகையில் உலோகம் இருக்கிறது. அமிலம் அதைக் கறுக்கச் செய்யலாம் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்தது துணியைத் தயார் செய்வது. பழைய கோடுகள் இருக்கும் துணி புதிய அச்சில் பழைய இடத்திலேயே மடியப் பார்க்கும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் எடுத்து எடுத்து வைத்து, கோடுகளை முடிந்தவரை போக்கினேன். சாயம் வெளுக்கிறதா என்று வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றியும் பார்த்துக்கொண்டேன். சேலையின் கரை பாவின் (நீளவாட்டு இழைகளின்) நீளத்தில் ஓடுவதால், விசிறியின் மடிப்புக் கோடுகள் ஊடை (குறுக்குவாட்டு) இழைகளின் திசையில் அமைய வேண்டும். அந்தத் திசையைக் கண்டுபிடிக்க முனையில் ஓர் ஊடை இழையை உருவினேன். இழை உடல் பகுதி முழுவதும் வந்து, கரை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது இழையை உருவினேன். அதுவும் அங்கேயே நின்றது. பிறகுதான் நினைவு வந்தது, இது கோர்வைச் சேலை. கோர்வையில் உடலுக்கு ஒரு ஊடை, கரைக்கு வேறு ஊடை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்பிவிடுகின்றன. ஊடையைக் கொண்டுசெல்லும் நாடா மூன்று ஓடும் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்யும் அந்த வேலையின் அருமை, ஓர் இழையை உருவும்போது கையில் தெரிந்தது. கரைக்குத் தனியாக ஓர் இழையை உருவி, இரண்டு கோடுகளும் ஒரே நேரில் வரும்படி முனையைச் சீராக்கினேன்.

அச்சில் துணியை ஏற்றும் வேலையை ஒருவரால் செய்ய முடியாது. பாரிஸ் பட்டறையில் இருவர் நிற்பது வழக்கத்துக்காக அன்று என்பதை அனுபவத்தில் உணர்ந்தேன். என் அண்ணியை எதிரே நிற்கச் சொன்னேன். கீழ்த்தாளை மேசையில் இழுத்துத் தட்டையாக விரித்து இரு முனைகளிலும் பாரம் வைத்தோம். துணியின் முனைக் கோடு தாளின் மூன்றாவது கோட்டில் ஏறக்குறைய ஒரு செ.மீ. தையல் விட்டு அமர வேண்டும். கரையின் அடி ஓரம் தாளில் பென்சிலால் வரைந்த நீண்ட கோட்டில் முழு நீளத்துக்கும் அமர வேண்டும். துணியை இழுக்கவே கூடாது. உள்ளங்கையால் தடவி மட்டுமே விரித்தோம். மேல்தாளைப் பொருத்தி இரு முனைகளிலும் கிளிப் போட்ட பிறகு, பாரத்தை எடுத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு மடிப்புகளாக, நான் கரைப் பக்கமும் அண்ணி இடுப்புப் பக்கமும் பிடித்து, ஒரே சமயத்தில் ஒடுக்கிக்கொண்டே போனோம். முதல் நாலைந்து மடிப்புகள் அடம் பிடித்தன. பிறகு காகிதம் தன் நினைவில் தானாகவே மூடத் தொடங்கியதும், நாங்கள் செய்ய வேண்டியது அதற்கு வழிவிடுவது மட்டும்தான்.

ஒடுக்கி முடித்த கட்டைப் பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. இடுப்புப் பக்கம் 3 செ.மீ. தடிமன்; கரைப் பக்கம் 4 செ.மீ.க்கும் மேல். ஜரிகை நிறைந்த கரை, உடல் பகுதியைவிடத் தடித்தது. 46 முகங்களில் அந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து கட்டையே ஆப்பு போல ஆக்கிவிட்டது. இந்த நிலையில் இரு பக்கமும் ரீப்பர் கட்டைகளை (மெல்லிய மரச் சட்டங்களை) வைத்து இறுக்கினால், கரைப் பக்கம் அழுத்தம் முழுவதும் விழுந்து ஜரிகை நசுங்கும், இடுப்புப் பக்கமோ தளர்ந்து மடிப்பு மழுங்கும். வேறுபாட்டை நிரப்பப் பழுப்புத் தாளை நாடாக்களாக வெட்டி, உடல் பகுதி இருக்கும் உயரத்துக்கு மட்டும் வெளிப்புறத்தில் வேண்டிய அளவு அடுக்குகள் வைத்து, அதன் மேல் ரீப்பர்களை வைத்தேன். பிறகு அகலமான பருத்தி நாடாவால் நான்கு இடங்களில் கட்டினேன். சணல் கயிறு கட்டினால் அதன் தடம் காகிதத்தைத் தாண்டித் துணியில் பதியும்.

கட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, டின்னின் மேல் வாயில் குறுக்கே வைத்த மூங்கில் குச்சியிலிருந்து தொங்கவிட்டேன். கொதிநீர் தெறித்தாலும் ஜரிகையில் படாதபடி கரைப் பக்கம் மேலே இருந்தது. கொப்பரையில் இட்லித் தட்டு ஒன்றைத் துணி விரித்து வைத்ததால் தெறிப்பும் குறைந்தது. மேலே தடித்த துவாலையை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் தாம்பாளத்தைச் சற்றுச் சாய்வாக வைத்தேன். ஆவி குளிர்ந்து திரளும் நீர் துவாலையில் ஊறும் அல்லது ஓரமாக வழியும், நடுவில் சொட்டாது. நாற்பது நிமிடம் கழித்து எடுத்தேன்.

அங்கேதான் என் பொறுமை தவறியது. மூன்று மணி நேரம் ஆறவைத்து, தொட்டால் குளிர்ந்திருக்கிறது என்று பிரித்துவிட்டேன். ஓரத்து மடிப்புகள் கூர்மையாக இருந்தன. நடுவில் உள்ளவை மிருதுவாக, கொசுவத்தைப் பிரித்துப்போட்ட சேலை போலத் துவண்டன. நடுக்காகிதம் இன்னும் ஈரமாக இருந்தது. பட்டின் பிணைப்புகள் சேர்வது குளிர்வதால் மட்டும் அன்று, உலர்வதால் என்று சோதனையிலேயே படித்திருந்தும் அதை மறந்தேன். எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, மறுபடி ஆவி காட்டி, இந்த முறை கட்டை மின்விசிறியின் கீழ் இரண்டு முழு நாட்கள் தொங்கவிட்டேன். பிரிக்கும் முன் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளைச் செருகி எடுத்து, அது நமுத்துப் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மூன்றாம் நாள் காலை மேல்தாளை உரித்தபோது 23 மடிப்புகளும் கத்தி முனை போல நின்றன. பத்து முகங்களை அளந்தேன், 30 மி.மீ.க்கு அரை மி.மீ. கூடவோ குறையவோ இல்லை. கரையின் அடி ஓரம் அளவுகோல் வைத்ததைப் போல ஒரே கோடாக இருந்தது. அண்ணி அதைக் கையில் வாங்கி விரித்து மூடி, விரித்து மூடி, கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்.

நூல் பிடிப்பை, விசிறி அச்சிலிருந்து வெளியே வந்த அன்றே போட்டேன். இடுப்பு ஓரத்தில் மடிப்புகளை நெருக்கி நாடாவில் வைத்துத் தைத்தேன். அதற்கு 15 செ.மீ. கீழே, பின்பக்க மடிப்பு முனைகளை மட்டும் பட்டு நூலால் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் கோத்தேன். 32 செ.மீ. கீழே இரண்டாவது வரிசை. இங்கே முனைக்கு முனை 15 மி.மீ. நூலைத் தளர்வாக விட்டு, ஒவ்வொரு முனையிலும் முடிச்சுப் போட்டேன். முடிச்சு இல்லாமல் ஓட்டிய நூல் ஒரு பக்கம் இழுபட்டுச் சில மடிப்புகளை மட்டும் திறக்கும், மற்றவற்றை அடைத்துவிடும். கரைக்கு அருகே நூல் எதுவும் இல்லை. அங்கே விசிறி சுதந்திரமாக விரிய வேண்டும்.

நிகழ்ச்சியில் ஒன்றரை மணி நேரம் ஆடிய பிறகு உடையைக் கழற்றி வாங்கிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து ஒரு சாண் வரை வியர்வையில் மடிப்பு மழுங்கியிருந்தது. நூல் பிடித்திருந்ததால் கோடு மாறவில்லை. அதற்குக் கீழே எல்லாம் கூர்மையாகவே இருந்தது. நிழலில் உலர்த்தி, விசிறியை மூடி, பருத்தி நாடாவால் மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டி வைத்தேன். சலவைக்குக் கொடுத்தாலும் விசிறியைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அச்சு இதுவரை ஐந்து முறை ஆவி கண்டிருக்கிறது. கீறிய கோடுகளில் மூன்று மென்மையாகத் தொடங்கியிருக்கின்றன. குத்திய துளைகளை வைத்து அடுத்த இரண்டு தாள்களைக் குறித்துவிட்டேன். அவை இப்போது பாய்க்கு அடியில் இருக்கின்றன.